நிற்கத் தெரியாத நிச்சயதார்த்தம்

யாழினி, கதிர், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். செல்போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள்.

போன வாரம் யாழினி பள்ளிக்கூட புராஜெக்டுக்காக ஒரு புரோகிராமை ஒரு கம்ப்யூட்டர் மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றினாள். அவள் எங்கே மாற்றினாள், செயற்கை அறிவிடம் கொண்டுபோய் ஒட்டினாள். அது இட்லித் தட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரே நொடியில் சுடச்சுடக் கொட்டியது. "சரியா இருக்கானு பாத்தியாம்மா?" என்று கேட்டேன். "ரன் ஆவுதுப்பா" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த உங்கள் அம்மா, துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "அம்மா ஏன் சிரிக்கிறா?" என்று கதிர் கேட்டான். நான் தண்ணி கேன் வந்துவிட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போய்விட்டேன். (தண்ணி கேன் அன்று காலையிலேயே வந்துவிட்டது.)

இப்போது சொல்கிறேன். "ரன் ஆவுது" என்று நானும் ஒரு காலத்தில் சொன்னேன். அதனால் நீங்கள் இரண்டு பேரும் பிறக்காமலே போயிருப்பீர்கள்.

நான் பிளஸ் டூ வரைதான் படித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதப் படிப்பு. கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே எங்கள் கீபோர்டு அதிரும். அங்கே 'பேசிக்' என்ற மொழியை நன்றாகவே கற்றுக்கொண்டேன். 'ஜாவா' என்ற மொழி பாதி நடந்துகொண்டிருந்தபோது கடைக்காரர் மாடியையும் எவர்சில்வருக்கு எடுத்துக்கொண்டார். பாதி ஜாவாவோடு வெளியே வந்த நான், மீதியை யூகித்துக்கொள்ளலாம் என்ற முழு நம்பிக்கையோடு மயிலாப்பூரில் ஒரு வாடகை சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பந்தல், நாற்காலி, மேடை, அண்டா, மேளம், ஐஸ் பெட்டி என்று நல்லதுக்கும் கெட்டதுக்கும் சாமான் அனுப்பும் கடை அது. முதலாளி பெயர் ஏகாம்பரம். யாரோ எப்போதோ பேசிக் மொழியில் எழுதிக்கொடுத்த ஒரு புரோகிராம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. விசேஷத்தின் பெயரைத் தட்டினால் என்னென்ன சாமான் போகவேண்டும் என்று சீட்டு வரும். விசேஷங்களை முதலாளி வாழ்க்கை போகிற வரிசையிலேயே அடுக்கச் சொல்லியிருந்தார்: நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்பு, தொட்டில், காது குத்து, மஞ்சள் நீர், அறுபதாம் கல்யாணம், சாவு. (பிறப்பிலிருந்து ஆரம்பிக்காமல் ஏன் நிச்சயதார்த்தத்திலிருந்து என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்கு முன்னாடி எவன்யா பந்தல் போடுறான்?" என்றார்.)

ஒவ்வொரு விசேஷத்துக்கும் தனி ஆட்கள், தனி வண்டி, தனி குடோன். சீட்டை எடுத்துக்கொண்டு ஒருவன் சைக்கிளில் ஓடவேண்டும். அதற்குப் பதிலாக அவரவர் செல்போனுக்கே நேராகச் செய்தி போகவேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. செய்தி அனுப்பும் கம்பெனிக்காரர்கள், ஜாவாவில் எழுதினால்தான் எங்கள் இணைப்பு பேசும் என்று சொல்லிவிட்டார்கள். புரோகிராமை மாற்றித்தர வேளச்சேரியில் ஒரு கம்பெனியைக் கேட்டோம். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு முதலாளி மோரை வாங்கிக் குடித்தார்.

"முதலாளி, நானே மாத்தித் தரேன்" என்றேன்.

"இன்னா சேகரு, உன்னால ஆவுமா?"

"ஆகும் முதலாளி."

"ஆவலன்னா?"

"ஆகும் முதலாளி."

என்னிடம் இருந்த மொத்தப் படிப்பும் அந்தப் பதிலில்தான் இருந்தது.

வேலையை எப்படிச் செய்தேன் தெரியுமா? இடப்பக்கம் பேசிக் வரி, வலப்பக்கம் ஜாவா வரி. அங்கே 'என்றால்' இருந்தால் இங்கேயும் 'என்றால்'. அங்கே கூட்டல் இருந்தால் இங்கேயும் கூட்டல். வார்த்தைக்கு வார்த்தை, நெல்மணி பொறுக்குவது மாதிரி பொறுக்கினேன். மூலத்தில் இருந்த ஒரு சொல்லைக்கூட விடவில்லை. மூலத்தில் இல்லாத ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தை டீக்கடையில் நிறையப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கம் டீ குடிக்கப் போவதில்லை.

எழுதி முடித்ததும் சோதித்துப் பார்க்கவேண்டும் அல்லவா? "முதலாளி, பொய்யா ஒரு கல்யாணம் போட்டுப் பாக்கறேன்" என்றேன்.

"இன்னாது, பொய்யா கல்யாணமா? நல்ல காரியத்த வெளாட்டுக்கு எழுதுனா, நெசமா வர்றதும் தட்டிப்பூடும்யா!"

"அப்போ பொய்யா ஒரு சாவு..."

"அடச்சீ, வாய கழுவு! பொய்யா எழுதி அது நெசமா வந்து நின்னா? யாரு வூட்டு அட்ரஸ போடுவ, உன் வூட்டுதா?"

ஆக, நல்லதையும் பொய்யாக எழுதக்கூடாது, கெட்டதையும் எழுதக்கூடாது. உலகத்தில் எந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் இப்படி ஒரு சட்டம் இருந்திருக்காது. நிஜமாக ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருந்தோம்.

அந்த வாரமே மந்தைவெளியில் ஒரு பெரியவர் தவறிப்போனார். நான் 'சாவு' என்று தட்டினேன். ஒரே ஒரு செய்தி போனது. ஒரே ஒரு வண்டி போனது. முதலாளி என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"ஒரு போன் இல்ல, ஒரு கேள்வி இல்ல, பொட்டி பாட்டுக்குப் போய் நின்னுகீதுபா!"

"ரன் ஆவுது முதலாளி" என்றேன், அடக்கமாக.

அன்றே எல்லா ஆட்களையும் கூப்பிட்டு ஒரு கட்டளை போட்டார். "கம்ப்யூட்டர்லேர்ந்து மெசேஜ் வந்தா மறுபேச்சு கெடையாது. எவனாவது எனக்கு போன் போட்டு 'நெசமாவா மொதலாளி'ன்னு கேட்டீங்க, அத்தோட வேல காலி."

சரியாக அந்த நேரத்தில்தான் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் நிச்சயதார்த்தம் முடிவானது. வெள்ளிக்கிழமை காலை, அபிராமபுரத்தில் அவர்கள் வீட்டு வாசலில். உங்கள் தாத்தா அப்போது பஸ் கண்டக்டர். அவருக்கு என்னைப் பிடித்திருந்தது. உங்கள் அம்மாவுக்கும் பிடித்திருந்தது (என்றுதான் நினைக்கிறேன், இதுவரை மறுப்பு வரவில்லை). பிடிக்காதவர் ஒரே ஒருவர், அம்மாவின் தாய்மாமன், தாமு மாமா. அவர் வேளச்சேரியில் சொந்த ஃபிளாட் வைத்திருந்த ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தார். "போயும் போயும் ஷாமியானா கடைக்காரனா?" என்று நான் இருக்கும்போதே கேட்டவர். ஒரு சின்னக் குறை கிடைத்தால் போதும், சம்பந்தத்தை முறித்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒரு குறையும் இல்லாமல் நடத்திவிடவேண்டும் என்று நான் மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றிச் சுற்றி வேண்டிக்கொண்டிருந்தேன்.

முதலாளி பந்தல் செலவைத் தன் பரிசு என்று சொல்லிவிட்டார். "புது புரோகிராம்ல மொத சுபகாரியம் உன்னோடதா இருக்கட்டும்யா. உன் கையாலயே தட்டு." தட்டினேன். 'நிச்சயதார்த்தம்.' அபிராமபுரம் விலாசம். திரையில் 'அனுப்பியாச்சு, அனுப்பியாச்சு, அனுப்பியாச்சு' என்று வரிசையாக ஓடியது. நம்முடைய விசேஷம் என்பதால் கம்ப்யூட்டருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. ஷாமியானா, நாற்காலி, ஜமுக்காளம், மைக் செட் எல்லாம் விடிவதற்குள் கச்சிதமாக வந்து நின்றன. தாமு மாமா பந்தல் காலை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. முகம் வாடிவிட்டது. முன்வரிசையில் தாத்தாவின் சித்தப்பாவை உட்காரவைத்து, குடும்பத்தில் மூத்தவர் என்பதால் பெரிய ரோஜா மாலை போட்டிருந்தார்கள். அவர் மாலையோடு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் தட்டுகளோடு உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும் ஒரு லாரி வந்தது. மணவறை, வாழைமரம், ஐந்நூறு பேருக்குச் சமைக்கிற அண்டாக்கள்.

"இன்னிக்கு நிச்சயம்தானே தம்பி?" என்று தாத்தா கேட்டார்.

"சேகரு, ஆசதான்யா உனக்கு!" என்று முதலாளி பட்டுச் சட்டையில் குலுங்கிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஏதோ ஒன்று சிரிக்கவில்லை.

அடுத்த வண்டியில் மயில் போட்ட நாற்காலியும், அடுக்கடுக்காக வளையல் ஸ்டாண்டும், 'வளைகாப்பு வாழ்த்துகள்' என்று தெர்மோகோலில் வெட்டிய எழுத்துகளும் இறங்கின.

என் அத்தை உங்கள் அம்மாவை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை அளந்தாள். பிறகு உங்கள் பாட்டியின் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்டாள்: "அண்ணி, மறைக்காம சொல்லிடுங்க. எத்தினி மாசம்?"

அத்தைக்குப் பக்கத்தில் மைக் இருந்தது. அது ஆன் ஆகியிருந்தது. கடைசி வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்மணிகூடத் திரும்பிப் பார்த்தார்.

"யாரப் பாத்து இன்னா கேக்கற?" என்று உங்கள் பாட்டி எழுந்தாள். அவள் முழுதாக எழுந்து நிற்பதற்குள் பூச்சுற்றிய மரத் தொட்டில் ஒன்று வாசலில் வந்து இறங்கியது.

தாமு மாமாவின் முகத்தில் அன்று முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "மாப்ள வூட்ல ரொம்ப வேகம்" என்றார், மீசையை நீவிக்கொண்டு.

எனக்கு அந்தத் தொட்டிலைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. நிச்சயம், கல்யாணம், வளைகாப்பு, தொட்டில். இது என் லிஸ்ட். வரிசை மாறாமல் வருகிறது. அந்தக் கூட்டத்தில் அடுத்து என்ன வரும் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஜோசியக்காரர்கள் பாவம், இப்படித்தான் தினமும் அவஸ்தைப்படுவார்கள் போலிருக்கிறது.

காது குத்துகிற ஆசாரி மொபெட்டில் வந்து இறங்கினார். "கொயந்த எங்கமா? சீக்கிரம் எடுத்தாங்க, திருவான்மியூர்ல இன்னொரு காது கீது."

"கொழந்தைக்கு இன்னும் அப்பா அம்மாவே முடிவாகல" என்றார் தாமு மாமா.

நான் பந்தலுக்குப் பின்னால் ஓடி ஐஸ் பெட்டி வண்டி டிரைவருக்கு போன் போட்டேன். எடுத்தான்.

"யப்பா, அபிராமபுரத்துக்கு வராத! திரும்பிப் போ! பெட்டி வேணாம்!"

எதிர்ப்பக்கம் ஒரு பெருமூச்சு. "மனச தேத்திக்கங்கண்ணே. சாவு வூட்ல துக்கத்துல எல்லாரும் அப்டிதான் வேணாம் வேணாம்பாங்க. காதுல போட்டுக்காதன்னு மொதலாளி சொல்லிக்கீறாரு. வந்துக்கினே கீறோம்." வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

முதலாளியிடம் ஓடினேன். அவர் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கேசரி பாதி வழியில் நின்றுவிட்டது. "கடசீ வரைக்குமா?" என்றார். "கடைசி வரைக்கும் முதலாளி." அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பட்டுச் சட்டையோடு செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

மஞ்சள் நீர் விழாவுக்குப் பச்சைத் தென்னை ஓலை வந்தது. அறுபதாம் கல்யாணத்துக்குக் கலசக் குடங்களும் தண்ணீர் ஊற்றுகிற சல்லடையும் வந்தன. நான் தெரு முனைக்கு ஓடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றேன். வண்டி தெருவின் மறுமுனை வழியாக வந்துவிட்டது.

பூப்பல்லக்கு மாதிரி ஜோடித்த வண்டி. உள்ளே கண்ணாடி ஐஸ் பெட்டி. பின்னால் ஆட்டோவில் மேளக்காரர்கள். இறங்கும்போதே அடித்துக்கொண்டு இறங்கினார்கள். நான் திரும்பி ஓடி வருவதற்குள், டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பந்தலுக்குள் போய், முன்வரிசையில் மாலையோடு வாயைத் திறந்து அசையாமல் இருந்த சித்தப்பாவின் முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தான்.

"நல்ல சாவு" என்றான் பக்கத்தில் இருந்தவரிடம். "உக்காந்தபடியே போயிருக்காரு."

சித்தப்பா கண்ணைத் திறந்தார். "இன்னாடா கும்புடுற? காப்பி வந்துச்சா?"

டிரைவர் போட்ட சத்தத்தில் மேளம் நின்றது.

தாமு மாமா பந்தலின் நடுவில் வந்து நின்றார். தெருவே அவரைப் பார்த்தது. "பாத்துக்கங்க அத்தான்! வளைகாப்பு அனுப்பி பொண்ணு மானத்த வாங்கிட்டான். பொட்டி அனுப்பி பெரியவரு உசுர வாங்கப் பாக்கறான். இந்தக் குடும்பத்துலயா பொண்ணு குடுக்கப் போறீங்க? சம்பந்தம் இதோட முறிஞ்சுது!"

தாத்தா என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன்.

"மாமா, தப்பு என்னோடதுதான். கம்ப்யூட்டர் மொழிய மாத்துனேன். பழைய மொழியில ஒவ்வொரு விசேஷம் முடிஞ்சதும் அதுவா நின்னுடும். புது மொழியில அப்டி இல்ல. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் 'நிறுத்து'ன்னு நாமளே எழுதணும். பழசுல அந்த வார்த்தையே இல்லியேன்னு நானும் எழுதல. அதனால நிச்சயதார்த்தத்துல ஆரம்பிச்சு..."

"நின்னு நின்னு போகவேண்டியது, நிக்காமப் போயிடுச்சு" என்றார் தாத்தா மெதுவாக. "அதாவது, ஸ்டாப்பிங்ல விசில் அடிக்கல."

"ஆமாம் மாமா."

"வண்டி டெர்மினஸ் வரைக்கும் போயிடுச்சு."

எல்லோரும் திரும்பி டெர்மினஸைப் பார்த்தோம். கண்ணாடிப் பெட்டி வெயிலில் பளபளத்தது.

"அத்தான், உங்க பொண்ணு வாழ்க்கைய நீங்களே பஸ்ஸுன்றீங்க, அவனும் தலையாட்டறானே!" என்று தாமு மாமா குதித்தார்.

"நானும் வேலைக்கு சேந்த புதுசுல விசில வீட்டுல வெச்சுட்டுப் போனவன்தான்டா. அடையாறுல எறங்க வேண்டிய ஒரு பொண்ணு திருவான்மியூர் வரைக்கும் வந்து, பஸ் ஸ்டாண்டுல நிக்க வெச்சு என்னத் திட்டிச்சு. அப்படி ஒரு திட்டு. மறுநாளும் அதே பஸ்ல வந்து திட்டிச்சு."

"அதுக்கு இன்னா இப்போ?"

"அது உங்க அக்காடா."

பந்தலில் ஒரு நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. தாத்தா, பாட்டி கல்யாணம் பெரியவர்கள் பார்த்து, ஜாதகம் பொருந்தி நடந்த கல்யாணம் என்றுதான் அந்தக் குடும்பம் அதுவரை நம்பிக்கொண்டிருந்தது. எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் பாட்டி பக்கம் திரும்பின. "இப்ப அத எதுக்கு இழுக்கறீங்க?" என்ற பாட்டி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சித்தப்பாவுக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்துவிட்டது. "மறுநாளுமா?" என்று விசாரித்தார். ஐஸ் பெட்டியை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. (நான் தாத்தாவுக்குக் கடைசிவரை நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அவர் அன்று வேண்டுமென்றே சொன்னாரா, தானாக வந்துவிட்டதா என்று நான் கேட்டதில்லை.)

தாமு மாமா ஒருவர்தான் விடவில்லை. "அது வேற, இது வேற. இது முறிஞ்சது முறிஞ்சதுதான்!"

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முறிக்கறதா இருந்தாலும் சீக்கிரம் முறிச்சுடுங்கோ. பத்தரைக்கு ராகு காலம். ராகு காலத்துல முறிச்சா நிலைக்காது, திரும்ப ஒட்டிக்கும். எனக்கு அடையாறுல வேற ஒரு விசேஷம் இருக்கு."

அப்போதுதான் உங்கள் அம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். அரக்குப் புடவை, தலை நிறையப் பூ. நேராக என் முன்னால் வந்து நின்றாள். அதற்கு முன் அவள் என்னிடம் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும்.

"இன்னும் ஏதாவது வருமா?"

"இல்ல. லிஸ்ட்டுல இதுதான் கடைசி."

"பதினாறாம் நாள் காரியம்?"

"அது நம்ம கடையில செய்யறதில்ல."

அவள் கொஞ்ச நேரம் அந்தத் தொட்டிலைப் பார்த்தாள். மயில் நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் தாமு மாமாவைப் பார்த்தாள்.

"மாமா, எனக்கு வரப்போற நல்லது கெட்டது மொத்தத்துக்கும் இன்னிக்கே வண்டி அனுப்பிட்டாரு. இதுக்கு மேல பயமுறுத்த ஒண்ணும் இல்ல. தட்ட எடுங்க."

தட்டை எடுத்துக் கொடுக்கவேண்டியவர் தாய்மாமன். ராகு காலத்துக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. மாமா எடுத்தார். தட்டு மாறியது. கல்யாண லாரி பின்னால் மறித்து நின்றதால் பூ வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. அது அங்கேயே நின்று எங்களை ஆசீர்வாதம் செய்தது. வந்ததுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று மேளக்காரர்கள் ஒரு தட்டு தட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்த அதே அடிதான், கொஞ்சம் வேகமாக. நம் வீட்டு ஆல்பத்தில் எங்களுக்குப் பின்னால் அழகான பூ அலங்காரம் இருக்கிறதே, "இந்த மாதிரி டெகரேஷன் இப்பல்லாம் யாரும் பண்றதில்ல" என்று கதிர் சொன்னானே, அது டெகரேஷன் இல்லையடா.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். ஒவ்வொரு விசேஷத்துக்குக் கீழேயும் 'நிறுத்து' என்று எழுதினேன். முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, பொய்யாகச் சோதித்துப் பார்க்கவும் அனுமதி கொடுத்தார். நான் மார்க்கெட்டிலிருந்து இரண்டு பைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தால் உங்கள் அம்மா இன்றும் கதவைத் திறந்து தெருவை எட்டிப் பார்த்து, "இதோட நின்னுச்சா, பின்னாடி வண்டி வருதா?" என்று கேட்பாள். நீங்களும் அதைச் சேர்ந்து சொல்கிறீர்கள், காரணம் தெரியாமலே. இனிமேல் தெரிந்து சொல்லுங்கள்.

இன்னொன்று இருக்கிறது. அதை உங்கள் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை.

அன்று அந்தப் பூ வண்டியை ஒருவழியாகப் பின்னால் எடுத்தபோது, தெரு குறுகல் என்பதால் பூச்சரங்கள் மின்கம்பத்திலும் மதில் சுவரிலும் உரசி உதிர்ந்தன. வாசலிலிருந்து தெருமுனை வரை ரோஜா இதழும் சாமந்தியும். சென்னையில் நடு ரோட்டில் பூ இறைந்து கிடந்தால் அது என்ன பூ என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒதுங்கித்தான் நடப்பார்கள். மறுநாள் சனிக்கிழமை. உங்கள் அம்மாவுக்கு அப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை. அந்தத் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்கு நடந்து போவாள்.

விடியற்காலையில் கடையிலிருந்து ஒரு தென்னந் துடைப்பமும் சாக்கும் எடுத்துக்கொண்டு அபிராமபுரத்துக்குப் போனேன். தெருவில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்து, சத்தம் வராமல் பெருக்கிக்கொண்டே போனேன். சாக்கடை மூடியின் இடுக்கில் சிக்கிய இதழ்களைக் கையால் பொறுக்கினேன். தெருமுனை வந்ததும் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மதில் ஓரத்தில் ஒரு இதழ் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய் அதையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.